நீர் கோத்த கால்கள்

சென்ற பகுதியில் தோட்டப்புறத்துக் குளிர்காய்ச்சலின் சரித்திரத்தைச் சொல்லி வருகையில், காய்ச்சல் தணிந்த பின்னும் வாரக்கணக்காகச் சிலருடைய முகம் அதைத்தும் பாதங்கள் வீங்கியும் இருந்ததைக் குறிப்பிட்டு, அவ்வீக்கத்துக்கு நம் மக்கள் இட்ட பெயரையும் அப்பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த காரணங்களையும் தனியே விரித்துரைக்க வேண்டுமென்று நிறுத்தியிருந்தேன். அந்தக் கடனை இப்பகுதியில் தீர்க்க முற்படுகிறேன்.

மலாக்கா நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 15 மைல் சென்றால் வரும் அலோர் காஜா, தன் பெயரிலேயே ஒரு காலடியைத் தாங்கி நிற்கும் ஊர். 'அலூர்' என்னும் மலாய்ச் சொல் நீரோடியோ நடந்து தேய்ந்தோ பள்ளமான தடத்தைக் குறிப்பது. 'காஜா' என்பது நம்முடைய கஜமேயன்றி வேறன்று. யானைத் தடம் என்னும் இப்பெயர் கொண்ட நாட்டுப்புறத்தில்தான், 1831, 1832ஆம் ஆண்டுகளில் நானிங் தலைவரான டோல் சைட் ஆங்கிலேயருக்கு வரி செலுத்த மறுத்து, அவர்களை எதிர்த்துப் போரிட்டார். அதன் பின்னர் சீன முதலாளிகள் காட்டை அழித்து மரவள்ளி பயிரிட்டார்கள். 1896ஆம் ஆண்டு தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டு வழிகாட்டவே, மரவள்ளி விளைந்த மேடுகளிலெல்லாம் ரப்பர் படர்ந்தது. ரப்பர் வந்த வழியே நம்மவரும் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, புலாவ் செபாங் ரயிலடியில் இறங்கி, மூட்டைமுடிச்சுகளைத் தலையில் சுமந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு நடந்து சென்ற அந்த ஜனங்கள், தம் உடைமைகளோடு தம் நோய்களின் பெயர்களையும் கொண்டுவந்தார்கள் என்பதே இத்தொடர் முழுவதற்கும் ஆதாரமான செய்தி.

பெருவிரல் பதிந்த குழி

தோட்டத்து ஆஸ்பத்திரியின் வாசலில் விடியற்காலையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டியை வாசகர்கள் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டுகிறேன். டிரஸ்ஸர் வருகிறார்.

"என்ன பாட்டி, உடம்புக்கு என்ன?"

"காலுல நீர் கோத்துக்கிச்சுங்கய்யா. பெரட்டுக்கு நிக்க முடியல."

பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் தோட்டத்தில் ஆள் எண்ணும் காலை வரிசை. டிரஸ்ஸர் குனிந்து, அவளுடைய கணைக்காலின் முன்னெலும்பின் மேல் தம் பெருவிரலை வைத்துச் சிறிது நேரம் அழுத்தி எடுக்கிறார். விரல் பட்ட இடம் உடனே எழும்பாமல், ஈரக் களிமண்ணில் பதிந்த தடம்போலக் குழியாக நிற்கிறது. பரிசோதனை அவ்வளவே. டிரஸ்ஸர் தம் புத்தகத்தில் 'எடிமா' என்று எழுதுகிறார். மூதாட்டியோ அதைவிட விளக்கமான ஒரு பெயரை வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

'நீர் கோத்தல்' என்னும் அந்தச் சொற்றொடரின் அழகை நாம் நாள்தோறும் வழங்குவதனாலேயே கவனியாமல் விட்டுவிடுகிறோம். கோத்தல் என்பது நூலில் மணியைக் கோப்பதும், ஊசியில் நூலைக் கோப்பதும், கையோடு கை கோப்பதும் ஆகும். ஒன்றோடொன்று தொடுத்து, விலகாமல் ஒருங்கே நிற்கச் செய்யும் தொழில் அது. அவ்வாறு கோக்கப்பட்டது கோவை. பாட்டுக்களைத் தொடுத்த பிரபந்தத்துக்கும் கோவை என்று பெயர். நீர் தொடுத்துக்கொண்டு நின்ற நோய்க்கும் நீர்க்கோவை என்று பெயர். தலையில் நீர் கோத்துப் பாரமாகி மூக்கடைத்து வருந்தும்போது நெற்றியில் இழைத்துப் பூசுகின்ற நீர்க்கோவை மாத்திரை இன்றும் சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஓடவேண்டிய நீர் ஓடாமல் ஓரிடத்தில் கோத்து நின்றதே வியாதி என்னும் ஓர் உடற்சாஸ்திரக் கொள்கை முழுவதையும் இரண்டே சொற்களில் அடக்கிவிட்டார்கள் நம் முன்னோர். 'நீர் நிறைந்தது' என்று சொல்லாமல் 'நீர் கோத்தது' என்று சொன்னதில், அந்நீர் ஒரு பாத்திரத்தில் ஊற்றியதுபோல் தனியே நில்லாமல், தசையின் இழைகளுக்கிடையே இழையோடிக் கிடக்கிறது என்னும் நுட்பமும் அமைந்திருக்கிறது.

இந்த வீக்கத்தை மற்றொரு வீக்கத்தினின்றும் பிரித்தறியவும் அவர்கள் அறிந்திருந்தார்கள். கொசு பரப்பும் புழுக்களினால் நிணநீர்க் குழாய்கள் அடைபட்டு, ஆண்டுக்கணக்கில் தோல் தடித்து மரத்துப்போன காலை விரலால் அழுத்தினால் எளிதில் குழி விழாது. அதற்கு அவர்கள் யானைக்கால் என்று பெயரிட்டார்கள். அழுத்தினால் குழி விழுவது நீர் கோத்தது. குழி விழாமல் இறுகி நிற்பது யானைக்கால். வைத்திய நூலைக் கண்ணாலும் பாராத ஒரு சமூகம், பெருவிரல் ஒன்றையே கருவியாகக் கொண்டு இரண்டு நோய்களுக்கு இரண்டு பெயர்களை வகுத்துக்கொண்டதை நான் சாமானியமான காரியமாகக் கருதவில்லை.

வயிறும் தோற்பையும்

நீர் காலில் கோத்தால் நீர் கோத்தல். வயிற்றில் கோத்தால் மகோதரம். மகத்தான உதரம், அதாவது பெருவயிறு, என்பதே இவ்வடசொல்லின் பொருள். விநாயகப் பெருமானை லம்போதரர் என்று போற்றும்போது வரும் உதரமே இங்கும் வருகிறது. ஆயுர்வேத நூல்கள் உதர நோய்களை எட்டு வகையாகப் பிரித்து, அவற்றுள் நீர் நிறைந்து பெருப்பதை ஜலோதரம் என்று வழங்கின. சுசுருத சம்ஹிதை அதற்குச் சொல்லும் சிகிச்சையைப் படிக்கும் எவரும் வியப்படையாதிருக்க முடியாது. தொப்புளுக்குக் கீழே இடப்புறத்தில் நான்கு விரற்கடை தள்ளிக் கருவியால் துளைத்து, இருபுறமும் வாயுள்ள குழலொன்றைச் செலுத்தி நீரை வடிக்கவேண்டும். ஆனால் நீர் முழுவதையும் ஒரே நாளில் வடித்துவிடலாகாது. பல நாட்கள் இடைவிட்டுச் சிறிது சிறிதாக வடித்து, வடித்த பின் வயிற்றைத் துணியாலோ தோலாலோ இறுகச் சுற்றி, பாலை உணவாகக் கொடுத்து நெடுநாள் காத்துவர வேண்டும் என்று அது விதிக்கிறது. மிகுதியான நீரை ஒருசேர எடுத்தால் நோயாளியின் நாடி தளர்ந்து உயிருக்கே ஆபத்து நேரும் என்பதை இன்றைய வைத்தியர்களும் அறிவார்கள்.

இந்நோய்க்கு நம் புராண மரபில் ஒரு தேவதையும் உண்டு. நீருக்கு அதிபதியான வருணனே நீரால் தண்டிக்கிறான். ரிக் வேதத்தின் ஏழாம் மண்டலத்திலுள்ள வருண ஸூக்தம் ஒன்றில், வேண்டுபவன் தன் தேகத்தைக் காற்றடைத்த தோற்பைக்கு ஒப்பிடுகிறான். இதனை மகோதர நோயின் வருணனையாகவே பலர் கொள்ளுகின்றனர். ஐதரேய பிராம்மணத்திலோ கதை இன்னும் வெளிப்படையாக நிற்கிறது. பிள்ளையில்லாத அரிச்சந்திர மகாராஜன், பிறக்கும் புதல்வனை வருணனுக்கே பலியிடுவதாக வாக்களித்து ரோகிதனைப் பெற்று, பின்னர் பாசத்தினால் நாளைக் கடத்திவரவே, வருணன் அவனைப் பற்றினான், அவன் வயிறு பெருத்தது என்கிறது அந்நூல். தோட்டத்துத் திருவிழாக்களில் இரவு முழுவதும் மயான காண்டத்தைக் கண்டு கண்ணீர் விட்ட நம் மக்கள், சத்தியத்துக்காகச் சுடலை காத்த அரிச்சந்திரனை அறிவார்கள்; வாக்குத் தவறியதால் வயிறு வீங்கிய இந்த வேறொரு அரிச்சந்திரனை அறிந்தவர் சிலரே.

விசித்திரம் என்னவெனில், கடல் கடந்த கிரேக்கர்களும் இதே தோற்பையைத்தான் கண்டார்கள். வயிற்றில் நீர் கட்டுவதற்கு இன்று ஆங்கில வைத்தியர் வழங்கும் 'அஸைட்டீஸ்' என்னும் பெயர், திராட்சை மதுவை நிரப்பி வைக்கும் தோற்பையைக் குறிக்கும் 'அஸ்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 'எடிமா' என்பதோ வீங்குதல் என்னும் கிரேக்க வினையின் வழியாக வந்தது. தந்தையைக் கொன்று தாயை மணக்குமாறு விதிக்கப்பட்ட ஈடிபஸ் என்னும் அரசனுடைய பெயரிலும் அந்த வினையே ஒளிந்திருக்கிறது; குழந்தைப் பருவத்தில் கணைக்கால்கள் துளைக்கப்பட்டு வீங்கியதால் அவனுக்கு 'வீங்கிய காலன்' என்று பெயர் வந்தது என்பர். நீரைக் குறிக்கும் 'ஹூடோர்' என்னும் சொல்லிலிருந்து 'ஹைட்ராப்ஸ்' என்னும் நோய்ப்பெயர் தோன்றி, பிரெஞ்சு மொழி வழியாக இங்கிலாந்து சேர்வதற்குள் தன் தலையெழுத்தை உதிர்த்துவிட்டு 'டிராப்சி' ஆயிற்று.

தமிழில் வழங்கும் மற்றொரு பெயரையும் இங்கே சொல்லாமல் விட மனமில்லை. சித்த வைத்திய நூல்கள் ரத்தம் குறைந்து தேகம் வெளுத்து வீங்குவதைச் சோபை என்று கூறும். வடமொழியில் வீக்கத்தைக் குறிக்கும் 'சோப' என்னும் சொல்லின் தமிழ் வடிவம் அது. ஆனால் ஒளியையும் அழகையும் குறிக்கும் சோபை என்னும் சொல்லும் தமிழில் அதே எழுத்துக்களோடு வழங்குகிறது. 'முகத்தில் சோபை இல்லை' என்றால் களை இல்லை என்பது பொருள். 'முகத்தில் சோபை கண்டிருக்கிறது' என்று வைத்தியர் சொன்னால் நோய் முற்றிவிட்டது என்பது பொருள். இரண்டும் வெவ்வேறு மூலத்தினின்று வந்து எழுத்தளவில் தற்செயலாக ஒன்றுபட்டவை என்பது உண்மையே. எனினும், நீர் கோத்த தோல் இழுபட்டு, சுருக்கம் நீங்கி, மெருகிட்டதுபோல் பளபளக்கும் என்பதை நேரில் கண்டவர்கள், அந்தப் பொய்யான பொலிவைக் கண்டு 'உடம்பு தேறிவிட்டது' என்று ஏமாந்த குடும்பங்களையும் கண்டிருப்பார்கள்.

பெயர் சொல்லாத காரணம்

இத்தனை பெயர்களையும் அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் புலனாகும். எல்லாப் பெயர்களும் கண் கண்டதையே சொல்லுகின்றன. வீக்கம், நீர், பெருவயிறு, தோற்பை என்று லக்ஷணத்தையே பேசுகின்றன. நீர் ஏன் கோத்தது என்னும் வினாவுக்கு அவற்றுள் ஒன்றேனும் விடை கூறவில்லை. நீர்முள்ளியும் மூக்கிரட்டையும் நெருஞ்சில் முள்ளும் கொண்டு காய்ச்சிய கஷாயங்கள் சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தை வற்றச் செய்தன. ஆயினும் வற்றிய நீர் சிலருக்கு மீண்டும் கோத்தது, சிலருக்குக் கோக்கவில்லை. மேனாட்டிலும் இதே நிலைதான். 1785ஆம் ஆண்டு வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர், நாட்டுப்புறத்து மூதாட்டி ஒருத்தியின் கைமருந்திலிருந்து கண்டறிந்த டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி நூல் எழுதி, இருதயம் தளர்ந்தவர்களின் வீக்கத்துக்கு ஒரு மருந்தைத் தந்தார். 1827ஆம் ஆண்டு லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரைட், வீங்கியவர்கள் சிலருடைய சிறுநீரைக் கரண்டியிலிட்டு மெழுகுவர்த்தியில் காய்ச்சியபோது அது முட்டை வெண்கரு போல உறைவதைக் கண்டு, அவர்களுடைய குறை சிறுநீரகத்தில் இருப்பதை நிறுவினார். ஒரே பெயரால் அழைக்கப்பட்ட ஒரு வியாதி, இருதயம், சிறுநீரகம், ஈரல், ரத்தக்குறைவு என்று பல வீடுகளுக்குப் பிரிந்து சென்ற காலம் அது.

ஆனால் அவ்வாறு பிரித்த பின்னும், நம் நாட்டுப்புறத்தில் எந்த வீட்டுக்கும் உரிமையில்லாத ஒரு வீக்கம் மிஞ்சி நின்றது. வேலை செய்துகொண்டிருந்த வாலிபன் கால் மரத்துப்போகிறது என்பான்; சில வாரங்களில் பாதமும் கணைக்காலும் வீங்கும்; மூச்சுத் திணறும்; ஒருநாள் படுத்தவன் எழுந்திரான். மலாயாவின் ஈயச் சுரங்கங்களான லம்பங்களில் சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போன இந்நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். இப்பெயரின் பிறப்பைப் பற்றியும் அபிப்பிராய பேதம் உண்டு. 'இயலாது, இயலாது' என்று நோயாளி முறையிடுவதைக் குறிக்கும் சிங்களச் சொல்லே அது என்பது ஒரு சாரார் கூற்று. பத்தாவியாவில் வைத்தியராயிருந்து 1631ஆம் ஆண்டு இறந்த யாகோபுஸ் பொந்தியுஸ் என்னும் டச்சுக்காரரோ, நோயாளிகள் முழங்கால் தளர்ந்து ஆடு நடப்பதுபோல நடப்பதனால் இப்பெயர் வந்ததென்று எழுதினார். மலாய் மொழியில் 'பிரி-பிரி' என்பது செம்மறியாட்டின் பெயர். இந்தப் பெயரும் நடையைச் சொல்லிற்றே தவிர, நடை தளர்ந்த காரணத்தைச் சொல்லவில்லை.

சிரம்பானில் எழுந்த கேள்வி

அலோர் காஜாவிலிருந்து வடக்கே எல்லையைக் கடந்தால் தம்பின். அதற்கும் அப்பால் சிரம்பான். அங்கே நெகிரி செம்பிலான் சமஸ்தானத்தின் தலைமை வைத்தியராயிருந்தவர் வில்லியம் லியோனார்ட் பிராடன். அவர் கண்ட காட்சி எல்லாருடைய கண்ணிலும் பட்டதே; ஆனால் அதைக் கேள்வியாக்கியவர் அவர். ஒரே மழை, ஒரே வெயில், ஒரே கொசு, ஒரே காடு. அப்படியிருக்கச் சீனர்கள் பெரிபெரியால் மடிகிறார்கள். கம்போங்கில் தாமே விளைத்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்ணும் மலாய்க்காரர்களை அது பெரும்பாலும் தீண்டுவதில்லை. மற்றெல்லாவற்றிலும் வறியவர்களாய், லயங்களில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் தமிழர்களிடமும் அது அரிதாகவே காணப்படுகிறது. இதற்கு என்ன காரணம்?

காற்றிலும் நீரிலும் தேடிய பிறகு, சோற்றுப் பானையில் காரணம் இருக்கவேண்டுமென்று பிராடன் துணிந்தார். சீனர் உண்டது சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பெரிய நூல் இந்த ஒரு வேற்றுமையின் மேலேயே கட்டப்பட்டது. பச்சரிசி நாட்பட்டால் அதில் ஒருவகை விஷம் உண்டாகிறதென்று அவர் கருதியது பின்னால் தவறென்று தெரியவந்தது. எனினும், அரிசியைச் சுட்டிய அவருடைய விரல் சரியான இடத்தையே சுட்டியது.

அக்கேள்வியைச் சோதித்தவர்கள் வேறு இரு சாரார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி பரவியபோது வைத்தியர் வில்லியம் பிளெட்சர், அங்கிருந்தவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணுக்குரியவர்களுக்கு வெள்ளையரிசியும், இரட்டைப்படை எண்ணுக்குரியவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து 1906ஆம் ஆண்டு முழுவதும் கவனித்து வந்தார். வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் அதனால் இறக்கவில்லை. அந்த 18 பேரின் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. வரிசையில் நின்ற இடமே அவர்களுடைய விதியாயிற்று. அவர்கள் கொடுத்த விலையின் மேல் நம்முடைய அறிவு நிற்கிறது என்பதை இத்தொடரில் எழுதிவைப்பது என் கடமையென்று கொள்கிறேன்.

கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும், 1907ஆம் ஆண்டு நெகிரி செம்பிலானின் ஜெலுபு பக்கத்தில் டுரியான் தீப்பூஸ் என்னும் காட்டுப் பகுதிக்குச் சென்றார்கள். சாலை வேலைக்கென்று வந்திருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பகுதியாக்கி, புதிதாகக் காடு வெட்டிக் கட்டிய கொட்டகைகளில் குடியிருத்தி, ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் மற்றப் பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார்கள். ஏறக்குறைய மூன்று மாதங்களில் வெள்ளையரிசிக் கொட்டகையில் பெரிபெரி தலைகாட்டியது. நோயாளிகளைப் புழுங்கலரிசிக் கொட்டகைக்குக் கொண்டுபோய் வைத்தும் அங்குள்ளவர்களை நோய் தொற்றவில்லை. பிறகு அரிசியை மாற்றினார்கள்; நோயும் அரிசியைப் பின்தொடர்ந்து இடம் மாறிற்று. இதில் ஈடுபட்டவர்கள் தமிழரும் அல்லர், சீனரும் அல்லர். ஆகவே தமிழனுடைய ரத்தத்தில் ஏதோ தனிக் காப்பு இருக்கிறது என்று சொல்ல இனி இடமில்லாமற் போயிற்று. காப்பு அரிசியில் இருந்தது. அரிசியின் மேலுள்ள மெல்லிய தோலிலும் முளைப்பகுதியிலும் அடங்கிய ஏதோவொரு சத்து, தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறதென்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1910ஆம் ஆண்டு மணிலாவில் கூடிய வைத்தியர் மாநாடு, இடைவிடாமல் வெள்ளையரிசியை உண்பதோடு பெரிபெரி தொடர்புடையது என்பதை ஏற்றுக்கொண்டது. பத்தாவியாவில் கோழிகளைக் கொண்டு இதே உண்மையை நெருங்கிய ஐக்மான் 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அந்தச் சத்து 1926ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டு, 1936ஆம் ஆண்டு ரசாயன முறையில் ஆக்கப்பட்டது. தையமின் என்னும் பெயர் கொண்ட பி1 வைட்டமினே அது. அது குறைந்தபோது நரம்பு தளர்ந்தது, இருதயம் சோர்ந்தது. சோர்ந்த இருதயத்தினால் செலுத்த முடியாத நீர் கால்களில் கோத்தது.

புழுங்கல் என்னும் சொல்

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. நெல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அண்டாவில் இட்டு அவித்து, உமி வாய்பிளக்கும் பக்குவம் பார்த்து இறக்கி, பாயில் பரப்பிக் காலால் கிளறி உலர்த்தி, உரலில் குத்திப் புடைத்தெடுப்பது தஞ்சையிலும் திருச்சியிலும் தென்னார்க்காட்டிலும் பெண்கள் செய்துவந்த வேலை. அவிக்கும்போது ஆவி நெல்லுக்குள் புகுகிறது. தோலில் இருந்த சத்து அந்த ஈரத்தில் கரைந்து அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகையால் பின்னர் எவ்வளவு குத்தினாலும் தவிட்டோடு முழுவதும் போவதில்லை. புழுங்குதல் என்றால் உள்ளே வெம்மையும் ஈரமுமாக வேர்த்தல் என்று பொருள். நீரானது உடம்பில் தங்கிக் கோத்தால் நோய். அதே நீர் நெல்லினுள் புகுந்து புழுக்கினால் அந்நோய்க்குக் காப்பு. இரண்டையும் நம்முடைய மொழி இரண்டு எளிய வினைகளால் குறித்திருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைத்தான் அது அறிந்திருக்கவில்லை.

தமிழ்ப் பெண்கள் பெரிபெரியைத் தடுக்கவேண்டுமென்று நெல் அவிக்கவில்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது. அச்சோறு வயிற்றில் நின்று பசி தாங்கும். இரவில் நீரூற்றி வைத்தால் காலையில் பழையதும் நீராகாரமும் ஆகும். விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஆகவே தோட்டக் கடையிலும் நம்மவர் புழுங்கலரிசியையே கேட்டு வாங்கினார்கள். பழக்கத்தை விடாமல் பற்றிக்கொண்டதே அவர்களைக் காத்தது. ஆனால் காரணம் அறியாமல் செய்த நற்செயலும் நற்செயலே. பிராடனையும் பிளெட்சரையும் பிரேசரையும் சரித்திரம் பெயரிட்டு வைத்திருக்கிறது. அவர்கள் கொடுத்த அரிசியைப் பக்குவப்படுத்தும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்த பெண்களுள் ஒருத்தியின் பெயரும் அதில் இல்லை.

தாய்நாட்டிலும் இதே பாடம் எழுதப்பட்டிருந்தது. அன்றைய சென்னை ராஜதானியிலேயே, பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. 1835ஆம் ஆண்டிலேயே மால்கம்சன் என்னும் படை வைத்தியர் அதைப்பற்றித் தனிநூல் எழுதினார். புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அவ்வாறு வேரூன்றவில்லை. குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் 1924ஆம் ஆண்டு அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதியபோது, கடலுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள சோற்றுப் பானைகள் ஒரே சாட்சியைக் கூறின.

காப்பு உடைந்த காலம்

புழுங்கலரிசி காத்தது ஒரு நோயிலிருந்து மட்டுமே. குளிர்காய்ச்சலுக்கும் கொக்கிப்புழுவுக்கும் பலியான நம்மவருக்குக் கணக்கில்லை. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடந்தவர்களின் பாதத்தைத் துளைத்துக் குடலில் ஏறி ரத்தம் குடித்த அப்புழுவினாலும் முகம் வெளுத்தது, கால் வீங்கியது, நீர் கோத்தது. அதே பெயர், வேறு காரணம்.

பின்னர் 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் வந்தனர். பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. ஒரு காலத்தில் மலாக்காவின் உட்புறத்தில் வியாபாரப் பயிராயிருந்த மரவள்ளி, இப்போது லயத்துக் கொல்லைகளில் உயிர் காக்கும் கிழங்காயிற்று. வயிற்றை நிரப்பும் ஆற்றல் அதற்கு உண்டு. புரதமும் தையமினும் அதில் மிகக் குறைவு. எலும்பும் தோலுமாயிருந்தவர்களின் கால் மட்டும் வீங்கி நின்ற கோரக் காட்சியைக் கண்டது அந்தத் தலைமுறை. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்ட தமிழருக்குக் கிடைத்ததோ தீட்டிய அரிசியே. எந்த நோய் நம்மவரை அரிதாகவே தீண்டுகிறது என்று 1907ஆம் ஆண்டில் எழுதப்பட்டதோ, அந்த நோயே அங்கே காலராவோடும் குளிர்காய்ச்சலோடும் சேர்ந்து அவர்களைக் கொன்றது. புழுங்கல் பானை இறங்கிய இடத்தில் காப்பும் இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடத் துயரமான நிரூபணம் வேண்டுவதில்லை.

இன்று அலோர் காஜாவைச் சுற்றிலும் ரப்பர் குறைந்து செம்பனை நிற்கிறது. லயங்கள் பல வெறிச்சோடிவிட்டன. தோட்டத்து டிரஸ்ஸருக்குப் பதிலாக அரசாங்கக் கிளினிக்கில் தாதி இருக்கிறாள். ரெம்பியாவிலிருந்தோ புலாவ் செபாங்கிலிருந்தோ வந்த ஒரு முதியவரின் காலில் அவள் பெருவிரலை அழுத்தி, மலாயில் 'பெங்காக்' என்கிறாள். அவர் தம் மகளிடம் 'நீர் கோத்திருக்காம்மா' என்கிறார். இனிப்புநீரினால் சிறுநீரகம் கெட்டதாகவும் இருக்கலாம், இருதயத் தளர்ச்சியாகவும் இருக்கலாம். மூவாயிரம் ஆண்டுகளாக அந்தக் குழி ஒன்றேதான். அதன் அடியில் கிடக்கும் காரணமோ காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. ஆகையால் என் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வீட்டில் மூத்தவர்கள் 'நீர் கோத்திருக்கிறது' என்று சொல்லும்போது, அந்தப் பெயரே விடை என்று எண்ணிக் கைவைத்தியத்தோடு நின்றுவிடாதீர்கள். அது அவர்கள் கண்டறிந்து சொல்லும் சாட்சியம். மேற்கொண்டு விசாரிக்க வேண்டியது நம் பொறுப்பு. சிரம்பானில் ஒருவர் 'இவர்கள் என்ன சோறு உண்கிறார்கள்?' என்று கேட்டதனால்தானே எண்ணற்ற கால்கள் பின்னர் வீங்காமல் நடந்தன?

வெறுங்காலின் வழியே புகுந்த கொக்கிப்புழுவின் சரித்திரத்தையும், தோட்டத்து மக்கள் அதற்கு இட்ட பெயர்களையும் அடுத்த பகுதியில் காண்போம்.